விகுதி

பகுதி, புள்ளி, விகுதி.
கோப்புப் பெயரின் இலக்கணம் அவ்வளவுதான்.
சாரியை கிடையாது, சந்தி கிடையாது.

மாகெல்லன் நீரிணையின் ஓரம், புந்தா அரேனாஸில்,
கதவைத் திறக்காமலே காற்று உள்ளே வரும் அலுவலகத்தில்
மிலென்கா குசனோவிச் ஒரு கோப்புறையைத் திறக்கிறாள்.
மார்ச் முதல் ஆகஸ்ட் வரை
கடலுக்கடியில் தொங்கிய ஒலிவாங்கி
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
கேட்டதையெல்லாம் கொட்டிவைத்த குப்பை.

குப்பை என்றது சும்மா இல்லை.
ஒலிக்கோப்புகளுக்கு நடுவே
மின்கலம் எவ்வளவு மிச்சம் என்ற குறிப்புகள்,
பாதியில் செத்த தற்காலிகக் கோப்புகள்,
படகோட்டி ரொசாமெல் எடுத்த
அவன் கட்டைவிரலின் பதினான்கு படங்கள்,
யாருடையதோ ஒரு டயர் கடை ரசீது.

நாலு வரி எழுதினாள்.
உள்ளே போ. ஒவ்வொன்றாய் எடு.
பெயரின் வாலைப் பார்.
டபிள்யூ, ஏ, வி என்று முடிந்தால் பட்டியலில் சேர்.
இல்லையென்றால் நகர்.
முகம் பார்க்காதே, வயிற்றைத் திறக்காதே,
வால் போதும்.

சல்லடைக்கு ஆயிரம் கண்,
ஒன்றுக்கும் பார்வை இல்லை.
ஆனால் வேகம்!
மாத்தேக் குவளையில் வெந்நீர் ஊற்றி
முதல் மடக்கு உறிஞ்சுவதற்குள்
பதினோராயிரத்து எண்பத்தெட்டு.

வரைபடம் போட்டாள்.
மார்ச்சில் நிறைய. மே மாதம் கொஞ்சம்.
ஜூன் வெள்ளை.
‘ஜூனில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் நீரிணையில் இல்லை’
என்று அறிக்கையில் தட்டியும்விட்டாள்.
முற்றுப்புள்ளியும் வைத்தாள்.

புள்ளி பொல்லாதது.
நம் எழுத்தின் தலையில் வைத்தால் உயிர் போய்விடும்,
மிஞ்சுவதை மெய் என்கிறோம்.

இரவு பல் துலக்கும்போதுதான் உறைத்தது:
ஜூனில் கப்பலும் இல்லை.
மழை இல்லை. அலை இல்லை.
முப்பது நாள் ஒரு கடல் வாயை மூடிக்கொண்டிருக்குமா?

ரொசாமெலைத் தொலைபேசியில் எழுப்பினாள்.
‘பழைய கருவியில் தண்ணீர் போயிடுச்சு.
கிடங்கிலிருந்து வேற ஒண்ணு மாட்டினேன் ஒரு மாசம். சொன்னேனே.’
சொல்லவில்லை.
அல்லது படகில் நின்று சொல்லியிருப்பான்,
காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

அந்த வேற ஒண்ணு
எதையும் கத்தித்தான் சொல்லும் பழைய இயந்திரம்.
விகுதியைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

எழுத்திலாவது மேல் கீழ் இல்லாத மொழியில்
இதைப் புரியவைப்பது கஷ்டம்.
அதே மூன்று எழுத்து, அதே ஓசை, அதே வரிசை.
கொஞ்சம் நிமிர்ந்து நின்றன, அதுதான் குற்றம்.
இரண்டாயிரத்து நூற்று அறுபது கோப்புகளை
வாசலோடு திருப்பி அனுப்பிய நிரல்
பிழை என்று முனகக்கூட இல்லை.
அதன் கணக்கில் பிழையே இல்லை.

ஒரு சொல் சேர்த்தாள்:
கேட்பதற்கு முன் எல்லாரையும் சின்ன எழுத்தாக்கு.

ஜூன் வந்தது.
மழை வந்தது, நங்கூரச் சங்கிலி வந்தது,
சரக்குக் கப்பலின் தொண்டை கட்டிய குரல் வந்தது.
பதினேழாம் தேதி, விடிகாலை நாலு இருபது,
வெகு தூரத்தில்
ஒன்று. ஒரே ஒன்று.
கேட்டுவிட்டு அது இன்னொன்றுக்குக் காத்திருந்தது போல
ஓர் இடைவெளி.
இன்னொன்று வரவில்லை.

இங்கே நிறுத்தினால் அழகாக இருக்கும்.
ஆனால் தேறிய பட்டியலில் ஒன்பது கோப்புகள்
பூஜ்ய எடை.
பகுதி சரி, விகுதி சரி, பொருள் கிடையாது.
இன்னொன்று, புள்ளியும் இல்லாமல் வாலும் இல்லாமல்
கோப்புறையின் அடியில் கிடக்கிறது.
எந்த நிரலுக்கும் வாய் திறக்க மறுக்கிறது.
அழிக்கப் போனவள் ஏனோ விட்டுவிட்டாள்.

அறிக்கைக்குத் திரும்பி
அந்த வாக்கியத்தைத் தேர்ந்து நீக்கினாள்.
அவசரத்தில் முற்றுப்புள்ளி தப்பிவிட்டது.
வெள்ளைத் திரையில் அது கொஞ்ச நேரம் நின்றது,
முன்னால் என்ன, பின்னால் என்ன என்று
தெரியாமல்